நான்கு உலகேஸ்வரிகளும் கேள்வியில் இருந்தவளும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் கல்யாணம் கிடையாது, நிச்சயதார்த்தம் கிடையாது, புதுவீடு புகுவது கிடையாது, ஆகையால் பொன்மாரி மகாலின் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்து தூங்கும், அண்டாக்கள் கவிழ்ந்து படுக்கும், வாழைமரம் கட்டுகிற கொக்கிகளில் குருவிகள் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். அப்படிச் சும்மா கிடந்த மண்டபத்தைத்தான் அந்த வருஷம் ஜெசிந்தா டீச்சர் ஆடி முழுவதற்கும் வாடகைக்குப் பிடித்து, பேங்க் பரீட்சை எழுதுகிற பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வகுப்பு நடத்தினார். அந்த வகுப்பில்தான் உலகேஸ்வரி நான்கு பேரானாள்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் எப்படி, எப்படி என்று குடைவார்கள். எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அப்போது பொழுதும் இருக்கவில்லை. ஒரு வீட்டில் திடீரென்று மூன்று பேர் கூடிவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்பதுதான், காரணமெல்லாம் கை கழுவிய பிறகு பேசிக்கொள்ளலாம். ஆனாலும் எங்கள் ஊருக்கு யார்மேலாவது பழியைப் போடாவிட்டால் தூக்கம் வராது, அதனால் முதல் இரண்டு நாள் என்மேல் போட்டார்கள். மகாலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். "எக்கா, நெசத்தைச் சொல்லுங்க, அந்தப் பிள்ளைய மிஷின்ல கிஷின்ல படுக்க வச்சீகளா?" என்று பூக்கடைக்காரி முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்டாள். என் மிஷினில் ஆதார் அட்டையே கறுப்பாகத்தான் விழும், மனுஷி எங்கே விழப் போகிறாள்.

உலகேஸ்வரி கொம்பையாவின் பெண்டாட்டி. கொம்பையா மகாலில் பந்தி பார்க்கிறவன். எத்தனை பேர் வந்தாலும் இலை போதும், எத்தனை பேர் கோபித்துக்கொண்டாலும் சாம்பார் போதும் என்கிற மாதிரி நடத்திக் கொடுப்பான். மகாலின் பின்பக்கத்து அறைகளில்தான் இருவரும் குடியிருந்தார்கள். அவனுக்கு இந்த ஊரைவிட்டால் வேறு ஊர் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது. அவளோ பி.எஸ்ஸி. படித்துவிட்டு, ஏற்கெனவே பேங்க் பரீட்சை எழுதி மயிரிழையில் தவறவிட்டவள். அடுத்த பரீட்சையோடு வயசு வரம்பு முடிகிறது, இதை விட்டால் கிடையாது. பாஸாகிவிட்டாலோ உள்ளூரில் வேலை போட மாட்டார்கள், எங்காவது வடக்கே தூக்கிப் போடுவார்கள். ஆகவே அவளுக்கு இருந்தது ஒரே ஒரு விஷயம், அதை வகுப்பு தொடங்கிய அன்று காலை, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முகத்துக்கு நேராகச் சொல்லியும் விட்டாள்.

"பாஸானா வெளியூர்லதான் போடுவாங்க. நீங்களும் கூட வரணும்."

கொம்பையா கரண்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல், "பாத்துக்கிடுவோம்" என்றான்.

இந்த "பாத்துக்கிடுவோம்" கொம்பையாவின் சொந்தச் சொத்து. அப்பளம் தீர்ந்துவிட்டது என்றால் பாத்துக்கிடுவோம், மாப்பிள்ளை வீட்டார் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் பாத்துக்கிடுவோம். அவன் அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் காரியத்தை அவன் அதற்குமேல் நினைக்கப் போவதில்லை என்று ஊருக்கே தெரியும், உலகேஸ்வரிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவள் பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

ஜெசிந்தா டீச்சருக்கு ஒரு தனி முறை இருந்தது. வினைச்சொற்களுக்கும் மனுஷர்களைப் போலச் சொந்தபந்தம் உண்டு என்பார். "ஒரு வீட்ல பத்திரிகை வச்சிட்டு அடுத்த வீட்டை விட்டுட்டா என்ன ஆகும்? காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்கல்ல? அதே மாதிரிதான். ஒரு வார்த்தைய எடுத்தா அது வகையறா மொத்தத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுரணும். விட்டுப் போனது பரீட்சை அன்னைக்கு வந்து மூஞ்சியத் திருப்பும்." அதனால் ஒவ்வொரு பெண்ணும் ஒரு வினையை எடுத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த சாப்பாட்டுக் கூடத்தில், வரிசை வரிசையாகக் கிடந்த மேஜைகளைப் பார்த்து நின்று, அதன் உறவுச் சொற்களையெல்லாம் பந்திக்குக் கூப்பிடுவதுபோலச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். ஒருத்தி நடப்பதை எடுத்தாள், ஒருத்தி பார்ப்பதை எடுத்தாள், ஒருத்தி உடைப்பதை எடுத்துக்கொண்டு கூடமே அதிரக் கத்தினாள். உலகேஸ்வரி எடுத்தது 'சே' என்பதை, அதாவது சொல்வதை.

அவள் மற்றவர்களைப் போல ஒப்பிக்கவில்லை என்று கூட இருந்த பிள்ளைகள் பிற்பாடு சொன்னார்கள். 'மட்டர்' என்று கூப்பிடும்போது முணுமுணுத்தாளாம், 'பிளீட்' என்று கூப்பிடும்போது கெஞ்சினாளாம், 'யெல்' என்னும்போது தொண்டை கிழியக் கத்தினாளாம், 'அனௌன்ஸ்' என்னும்போது ஊரைக் கூட்டி அறிவிக்கிறவள்போல நிமிர்ந்து நின்றாளாம், மறுபடி முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து, மத்தியானம்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். கூப்பிட்டவர்கள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மத்தியானம் கொம்பையா சோறு வடித்துவிட்டு, பின்கட்டில் இலையைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வாசல் வழியாக உலகேஸ்வரி வந்தாள், அவளுக்குப் பின்னால் உலகேஸ்வரி வந்தாள், அவளுக்கும் பின்னால் இரண்டு உலகேஸ்வரிகள் வந்தார்கள், நான்கு பேரும் அதே மஞ்சள் பூப்போட்ட சேலை, அதே மூக்குத்தி, அதே பசி. வேறு எவனாக இருந்தாலும் அலறியடித்துக்கொண்டு ஓடியிருப்பான். ஆனால் பந்தி பார்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, உட்கார்ந்தவரை நீ யார், எந்த வீட்டுக்காரர், உனக்குப் பத்திரிகை வைத்தார்களா என்று ஒருநாளும் கேட்கக் கூடாது, இலையைப் போட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கொம்பையாவின் கை அந்தச் சட்டப்படி தன்பாட்டுக்கு நான்கு இலைகளைப் போட்டு, உப்பு வைத்து, சோற்றைத் தள்ளிவிட்டது. பரிமாறி முடித்த பிறகுதான் அவன் மூளைக்குச் சேதி போய்ச் சேர்ந்தது. அதற்குள் மோர்ச்சாதம் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்களிடம் நீங்கள் யார் என்று எப்படிக் கேட்பது?

அங்கேதான் அவனுக்குக் குழப்பம் பிடித்தது, அது ஆடி முடிகிறவரை விடவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் முதலாமவள் அவன் பக்கத்தில் வந்து எதையோ முணுமுணுத்தாள். அவனுக்குக் காது கேட்கவில்லை. இரண்டாமவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, ஒங்களைக் கும்பிட்டுக் கேக்கேன், நீங்களும் வந்திருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினாள். அவனுக்குக் கூச்சமாகிவிட்டது. மூன்றாமவள், "வருவீகளா மாட்டீகளா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க!" என்று கத்திய கத்தலில் கொக்கிகளில் இருந்த குருவிகள் எழும்பிப் பறந்தன, அவனுக்குக் கோபம் வந்தது. நான்காமவள் தெருவாசலில் போய் நின்றுகொண்டு, "எல்லாருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, பரீட்சை முடிஞ்சதும் எங்க வீட்டுக்காரர் என்கூட வெளியூர் வரவேண்டி இருக்கு" என்று அறிவித்தாள், நான் கடையைப் போட்டுவிட்டு ஓடியது அப்போதுதான். கொம்பையா மானம் போனவனாய் உள்ளே ஓடினான். ஓடுகிற ஓட்டத்தில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போனான். என்ன பதில் என்று உங்களுக்கே தெரியும்.

ஊர் இரண்டு நாள் வாயைப் பிளந்தது. மூன்றாம் நாள் பிளந்த வாயை மூடிக்கொண்டு, இவர்களால் நமக்கு என்ன உபயோகம் என்று யோசிக்கத் தொடங்கியது. எங்கள் ஊரின் குணம் அப்படி, வானத்திலிருந்து தேவதையே இறங்கி வந்தாலும் வரி கட்டுகிற வரிசையில் நமக்காக நிற்குமா என்றுதான் முதலில் பார்ப்போம்.

கெஞ்சுகிற உலகேஸ்வரியைத் திங்கட்கிழமைதோறும் மனு கொடுக்கிறவர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் தாலுகா ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்று, "சார், நீங்க மனசு வச்சா நடக்காதா சார்" என்று இழுத்தாள் என்றால் கிளார்க்குக்குக் கண் கலங்கிவிடும், வருஷக்கணக்காக நின்றுபோன விதவைப் பென்ஷன்களெல்லாம் நகர்ந்தன. கத்துகிற உலகேஸ்வரியைக் குழாயடிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பங்கு போட்டுக்கொண்டார்கள், அதுவரை எங்கள் ஊரில் நிற்காமல் போன பஸ்ஸெல்லாம் அவள் நிற்பதைப் பார்த்ததும் ஊர் எல்லையிலேயே பிரேக்கில் காலை வைத்தன. அறிவிக்கிற உலகேஸ்வரியைப் பஞ்சாயத்து ஆட்டோவில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள், அம்மன் கோயில் கொடைவிழா, போலியோ சொட்டு மருந்து, தண்ணீர் வராத தெரு, எல்லாம் அவள் வாயால்தான் வந்தது, ஒவ்வொரு அறிவிப்பின் கடைசியிலும் தன் வீட்டுக்காரர் வெளியூர் வரவேண்டிய விஷயத்தையும் சேர்த்துக்கொள்வாள், யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, மைக் சத்தத்தின் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டோம்.

முணுமுணுக்கிறவளை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அவள் மகாலின் படிக்கட்டில் உட்கார்ந்து தனக்குத்தானே எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் பூக்கடைக்காரி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தன் மருமகளைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வந்தாள், அவள் திருப்பி என்ன சொன்னாள் என்று புரியவில்லை, ஆனால் நெஞ்சு லேசாகிவிட்டது என்றாள். அதன்பின் படிக்கட்டில் ஆள் குறையவே இல்லை. நானும் போனேன். என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

இப்படி ஊருக்கு நல்லதாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கொம்பையாவுக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. இவளா உலகு, அவளா உலகு என்று பார்த்துப் பார்த்து அவன் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. கல்யாணத்தன்று மழையில் நனைந்த கதையைக் கேட்டான், நான்கு பேரும் சொன்னார்கள், ஒருத்தி முணுமுணுத்து, ஒருத்தி கெஞ்சி, ஒருத்தி கத்தி, ஒருத்தி அறிவித்து. ரசம் வைக்கச் சொன்னான், நான்கு ரசத்திலும் அதே மிளகுத் தூக்கல். "நீ யாருளா?" என்று கேட்டால், "நாந்தான்" என்று நான்கு பக்கமிருந்தும் பதில் வரும். நால்வரும் பொய் சொல்லவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. ரேஷன் கடைக்குப் போனபோது மட்டும் நான்கு பேரில் ஒருத்தியின் பெருவிரலும் மிஷினில் விழவில்லை. கடைக்காரர், "வீட்டு வேலை செஞ்சு ரேகை தேஞ்சிருக்கும், கிளிசரின் தடவச் சொல்லுங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கார்டை வாங்கினார்.

ஆடிக் கடைசியில் பெரியவர்கள் மகாலில் கூடினார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மண்டபம் வேண்டும், அதற்குள் பரீட்சை வருகிறது, ஹால் டிக்கெட் ஒன்று, ஆள் நான்கு, எவளை அனுப்புவது? பென்ஷன் வாங்கிய பெண்கள் கெஞ்சுகிறவளைத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். பஸ் பிடிக்கிற ஆண்கள் கத்துகிறவள்தான் என்றார்கள். பேச்சு முற்றி, "கொம்பையா, நீ ஒருத்தியக் கைகாட்டு, மத்தது தன்னால சரியாப் போகும்" என்று முடிவு அவன் தலையில் வந்து விழுந்தது.

கொம்பையா நான்கு முகங்களையும் பார்த்தான். பிறகு ஜெசிந்தா டீச்சரைப் பார்த்து, அழுதுவிடுகிற குரலில் கேட்டான்.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. இதுல எவ டீச்சர் அவ?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் பாவம் குழப்பம்தான், ஆனால் தெரிந்ததைச் சொல்ல வேண்டியது வாத்தியார் வேலை. "கொம்பையா, பரீட்சையில ஒத்த அர்த்தம் கேக்குற கேள்வியில ஒரு வழக்கம் உண்டு. மேல ஒரு வார்த்தை குடுத்திருப்பாங்க, கீழ நாலு விடை குடுத்திருப்பாங்க. நாலும் அதுக்குக் கிட்டக் கிட்ட வரும். ஆனா மேல இருக்க வார்த்தை கீழ வரவே வராது."

கூட்டத்துக்கு இது புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. கொம்பையாவுக்கு மட்டும் முகம் வெளுத்தது. அப்படியானால் கேள்வியில் இருந்தவள் எங்கே? காலையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முணுமுணுக்காமல், கெஞ்சாமல், கத்தாமல், ஊரைக் கூட்டாமல், சும்மா சொன்னாளே ஒருத்தி, அவள் எங்கே? அன்று மாலை அவன் மகாலின் ஒவ்வொரு அறையாகத் திறந்து, அண்டாக்களை நிமிர்த்தி, மணமேடைக்குப் பின்னால் குனிந்து பார்த்ததை என் கடையிலிருந்தே பார்த்தேன்.

அவன் யாரையும் கைகாட்டவில்லை. பரீட்சையன்று நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு, நான்கு சாப்பாட்டுப் பொட்டலமும் கட்டிக்கொண்டு, ஏதாவது பேப்பர் கேட்டால் பதில் சொல்ல என்னையும் அழைத்துக்கொண்டு, திருநெல்வேலி பஸ்ஸில் ஏறினான். ஊருக்கு வெளியே ஒரு என்ஜினியரிங் காலேஜில் பரீட்சை. வாசலில் ஒரு செக்யூரிட்டி, அவர் முன்னால் பெருவிரல் வைக்கிற மிஷின், விரல் விழுந்தால் பச்சை விளக்கு, விழாவிட்டால் சிவப்பு. எனக்கு ரேஷன் கடை ஞாபகம் வந்துவிட்டது.

கெஞ்சுகிறவள் வைத்தாள், சிவப்பு. கத்துகிறவள் வைத்தாள், சிவப்பு, அவள் கத்தியதில் செக்யூரிட்டியின் விசில் கீழே விழுந்தது. மற்ற இரண்டு பேருக்கும் அதேதான். செக்யூரிட்டி நான்கு பேரையும், ஹால் டிக்கெட் போட்டோவையும், மறுபடி நான்கு பேரையும் பார்த்தார்.

"ஏம்ப்பா, யாராவது ஒரு ஆளு வாங்கப்பா. கேட் மூடப் போறோம்."

நான்கு பேரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். மகாலில் அவன் செய்யாமல் விட்ட கைகாட்டுகிற காரியத்தை இப்போது செய்தே ஆகவேண்டும். உள்ளே மணி அடித்துவிட்டது. பின்னால் நின்ற பிள்ளைகள் முண்டியடித்தார்கள், நான்கு உலகேஸ்வரிகளும் ஒரே நேரத்தில் மிஷினை நோக்கிக் கையை நீட்டினார்கள், ஒரே தள்ளுமுள்ளு. அந்த நேரத்தில் கொம்பையாவின் வாயிலிருந்து, அவன் நினைக்காமலே, பந்தியில் கூட்டம் நெருக்கும்போது அவன் எப்போதும் சொல்கிற வார்த்தைகள் வந்தன.

"இடிக்காதீக, இடிக்காதீக, எல்லாருக்கும் உண்டு. ஒவ்வொருத்தரா வாங்க."

நான்கு பேரும் பந்திக்கு வந்தவர்களாகவே அடங்கி வரிசையில் நின்றார்கள். முணுமுணுக்கிறவள் விரலை வைத்து எடுத்தாள், அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் அதே இடத்தில் கெஞ்சுகிறவள் வைத்தாள், அதன்மேல் கத்துகிறவள் வைத்தாள், அதன்மேல் அறிவிக்கிறவள் வைத்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

கேட்டைத் தாண்டி உள்ளே போனது ஒருத்தி. மஞ்சள் பூப்போட்ட சேலை மரத்தடியைக் கடந்து போவதைப் பார்த்துவிட்டு நாங்கள் திரும்பினோம், பின்னால் யாரும் இல்லை. செக்யூரிட்டி விசிலை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது" என்றார்.

பரீட்சை முடிகிறவரை எதிரே இருந்த வேப்பமரத்தடியில் கொம்பையாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். நான்கு பொட்டலங்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

"எக்கா, நாலு பேரும் ஒரே விஷயத்தைத்தான சொன்னாளுவ? மாசம் பூரா எவ உலகு, எவ உலகுன்னு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். என்ன சொல்லுதாளுவன்னு நான் கேக்கவே இல்லக்கா. இப்ப வெளிய வர்றது எவளா இருக்கும்? எனக்குப் பயமா இருக்கு."

"சோறு ஆறிப் போயிரும், நெழல்ல வை" என்றேன்.

வெளியே வந்தவள் நேராக எங்களிடம் வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரு பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டாள். அதை முடித்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தாள். மூன்றாவதையும் பிரித்தாள். நாலாவதில் நான் கொஞ்சம் கேட்கலாமா என்று நினைத்திருந்தேன், அதுவும் போயிற்று.

"ஏளா, அம்புட்டுப் பசியா?" என்றான் கொம்பையா.

"ஆடி பூராப் பசி."

"எங்க போயிருந்த நீ?"

"எங்கயும் போகல. அங்கனதான் இருந்தேன். அவளுவ நாலு பேரும் பேசிக்கிட்டே இருந்தாளுவ, நான் பேச எடமே இல்ல." இலையை மடித்தாள். "பரீட்சை நல்லா எழுதியிருக்கேன். ஒரு கேள்விய மட்டும் விட்டுட்டேன்."

"ஐயையோ, எதை?" என்றேன் நான். ஒவ்வொரு மார்க்கும் உயிர் என்று ஹால் டிக்கெட் எடுக்க வருகிற பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

"'சே'ங்கிற வார்த்தைதான் வந்துச்சுக்கா. கீழ அவளுவ நாலு பேரும் வரிசையா நிக்காளுவ. ஒருத்திய மட்டும் எப்படி சரின்னு தொட? மத்த மூணு பேரும் தப்புன்னு ஆயிராதா? நாலும் நாந்தானக்கா. அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்."

பிறகு கொம்பையாவின் பக்கம் திரும்பினாள். குரலை ஏற்றவில்லை, இறக்கவும் இல்லை.

"பாஸானா வெளியூர்லதான் போடுவாங்க. நீங்களும் கூட வரணும்."

கொம்பையாவின் உதடு பழைய பழக்கத்தில் ஒட்டிப் பிரிவதைப் பார்த்தேன். எனக்கு அவனை ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அவன் உதட்டை அப்படியே மூடிக்கொண்டான். காலியான நான்கு இலைகளையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டினான். அவளைப் பார்த்தான், நன்றாகவே பார்த்தான்.

"வாரேன்" என்றான்.

"என்ன சொன்னீக?"

"வாரேன்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, கை கழுவத் தண்ணீர் எங்கே என்று கேட்டாள். எனக்குத்தான் கண்ணீர் வந்துவிட்டது, எதற்கென்று அந்த இரண்டு பேரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பாஸாகிவிட்டாள். விட்டுவிட்ட அந்தக் கேள்விக்கு எது சரியான விடை என்று எங்கள் ஊரில் இன்றுவரை அடிதடி உண்டு. பென்ஷன் வாங்குகிற பெண்கள் கெஞ்சுவதுதான் என்பார்கள், அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஓசூர் பக்கத்து ஒரு கிளையில் வேலை. உத்தரவை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது நான்தான், அன்றைக்கென்று மிஷின் கறுப்படிக்காமல் வெள்ளையாக எடுத்தது.

நான்கு உலகேஸ்வரிகளும் இல்லாமல் ஊர் கொஞ்ச நாள் தடுமாறியது, பஸ்கள் மறுபடி நிற்காமல் போகத் தொடங்கின, மனுக்கள் மறுபடி மேஜையிலேயே உறங்கின, படிக்கட்டில் உட்கார்ந்து மனதைக் கொட்ட ஆளில்லாமல் பூக்கடைக்காரி என் கடைக்கு வந்து உயிரை எடுத்தாள். ஆனால் அதெல்லாம்கூடப் பரவாயில்லை. கொம்பையாவும் போகிறான் என்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது. முகூர்த்த நாட்கள் வரிசைகட்டி நிற்கின்றன, எங்கள் பிள்ளைகளுடைய கல்யாணங்களுக்குப் பந்தி பார்க்க யார் இருக்கிறார்கள்?

அவர்கள் புறப்படுகிற நாளில் ஊரே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டது. பூக்கடைக்காரி, "தம்பி, எம் பொண்ணு கல்யாணத்துக்காச்சும் வந்து நின்னுட்டுப் போய்யா, ஒன் கால்ல வேணும்னாலும் விழுதேன்" என்று கெஞ்சினாள். மகால் முதலாளி, "பொண்டாட்டி பின்னால போறவனுக்கு ஊரு எதுக்கு!" என்று கத்தினார். பஞ்சாயத்து ஆட்டோவில் புதிதாக உட்கார்ந்திருந்த ஆள் மைக்கில், கொம்பையா முகூர்த்தந்தோறும் வந்து போவார் என்பதை ஊர்ப்பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வதாக, அவனைக் கேட்காமலே அறிவித்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்று ஏதோ முணுமுணுத்தேன், எனக்கே கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்ல வரவில்லை.

கண்டக்டர் வந்து எத்தனை என்றார். கொம்பையா, "ரெண்டு" என்றான். உலகேஸ்வரி பையை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு இடம் விட்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பஸ் கிளம்பும்போது நாங்கள் எல்லாரும் சேர்ந்து, தையில் வந்துருவியா, தையில் வந்துருவியா என்று கூடவே நடந்தோம். கொம்பையா ஜன்னல் வழியாக எங்கள் எல்லாரையும் பார்த்து, கையை ஆட்டி, சிரித்துக்கொண்டே சொன்னான்:

"பாத்துக்கிடுவோம்!"

நாங்கள் நடப்பதை நிறுத்திவிட்டோம்.